பதினைந்தாவது விண்ணப்பம்

மோத்ரியா எங்கள் எஃகு ஆலையில் கிரேன் ஓட்டினாள். கீழே நின்று, சுமையை எங்கே இறக்குவது என்று அவளுக்குக் கையால் சைகை காட்டுவது என் வேலை. சோவியத் உக்ரைனில், அசோவ் கடலோரத்து எங்கள் ஊரில் உக்ரைனியர்கள் நிறையப் பேர். ஆனாலும் ஆலையில், கடையில், பேருந்தில் எல்லோரும் பேசியது ரஷ்ய மொழிதான். மோத்ரியா மட்டும் வாயைத் திறந்தால் உக்ரைன் மொழி. "பட்டிக்காடு பேச ஆரம்பிச்சிடுச்சு" என்று சிரிப்பார்கள்.

"உனக்குப் புரிஞ்சதாலதானே சிரிக்கிற?" என்பாள்.

1979 ஏப்ரலில் மகள் யாரினாவை முதல் வகுப்பில் சேர்க்கப் போனாள். எல்லாப் பாடத்தையும் உக்ரைன் மொழியில் நடத்தும் வகுப்பு அந்த வருஷம் கிடையாது என்றார் தலைமையாசிரியை ரிம்மா.

"யாரும் கேக்கலம்மா. நீங்க ஒருத்தர்தான்."

"எத்தனை பேர் கேட்டா திறப்பீங்க?"

"பதினஞ்சு பேர். எங்க போய்ப் பிடிப்பீங்க?"

"அதை நான் பாத்துக்கறேன். பதினஞ்சு விண்ணப்பத் தாள் கொடுங்க மேடம்."

கணவன் வலேரிக்கு இது பிடிக்கவில்லை. "காலேஜ்ல எல்லாமே ரஷ்ய மொழி. உன் பாஷையை வச்சிக்கிட்டு அவ என்ன செய்வா?"

"ரஷ்ய மொழி தெருவுல சும்மாவே கிடைக்குது. அதைக் கத்துக்காம இருக்கப் போறாளா? என் பாஷை அப்படிக் கிடைக்கலையே."

வேலை முடிந்ததும் தினமும் ஒன்பது மாடிக் குடியிருப்புகளில் ஏறி இறங்கினாள். சிலர் கதவைத் திறக்கவே இல்லை. என் வீட்டுக்கும் வந்தாள். "என் பையன் பெரிய ஊருக்குப் போய்ப் படிக்கணும்டி, விட்டுடு" என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த கதவைத் தட்டினாள்.

மூன்று வாரத்தில் பதினொரு பேர் சேர்ந்தார்கள். அதற்குள் ஆலையின் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"உன் பின்னாடி யார் இருக்கா?"

"பின்னாடி யாரும் இல்லைங்க. முன்னாடி என் பொண்ணு இருக்கா."

அடுத்த வாரம் ஆலை தரும் வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியலில் அவள் பெயர் நான்காம் இடத்திலிருந்து எழுபதுக்குப் போனது. ஒற்றை அறையில் ஆறு வருஷம் காத்திருந்த குடும்பம் அது. வலேரி இரண்டு நாள் கத்தினான். மூன்றாம் நாள் மீதித் தாள்களில் மூன்றை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"இப்ப விட்டா பயந்துட்டோம்னு நினைப்பாங்க" என்றான். லாரி ஷெட்டில் கூட வேலை செய்பவர்களிடம் மூன்று கையெழுத்து வாங்கி வந்தான்.

இன்னும் ஒன்று வேண்டும். மே மாதக் கடைசி நாள்வரைதான் கெடு. அந்தக் கடைசி நாளின் மதிய உணவு நேரத்தில் வெல்டர் கிறிஸ்தோஃபோர் மோத்ரியாவின் எதிரில் வந்து உட்கார்ந்தார். அவர் எங்கள் கடலோரத்தில் தலைமுறைகளாக வாழும் கிரேக்கர்களில் ஒருவர். வீட்டில் அவர்கள் பேசுவது வேறு மொழி.

"என் பையன் பேரை எழுதிக்கம்மா."

"உங்களுக்கு எதுக்குண்ணே இந்த வம்பு?"

"எங்க பாஷைக்கு இங்க பள்ளிக்கூடமே கிடையாது. எங்கம்மாவோட முடிஞ்சிடும்போல இருக்கு. உங்களுதாவது நிக்கட்டும்."

மோத்ரியா பேனாவைத் தேடினாள். அதற்குள் அவரே தன் பேனாவை எடுத்து எழுதிக்கொடுத்தார். வேலை உடையோடு பள்ளிக்கு ஓடினாள். ரிம்மா தாள்களை இரண்டு முறை எண்ணினார்.

"நீங்க கொண்டு வருவீங்கன்னு நான் நினைக்கல" என்றவர், முத்திரை குத்தினார்.

செப்டம்பரில் வகுப்பு தொடங்கியது. மாதம் ஒன்று போவதற்குள் ஒரு தகப்பன் மிரட்டலுக்குப் பயந்து மகனை ரஷ்ய வகுப்புக்கு மாற்றினான். ஆனால் திறந்த வகுப்பை ரிம்மா மூடவில்லை. பிறகு இன்னும் இரண்டு பேர் விலகினாலும், பன்னிரண்டு பிள்ளைகள் கடைசி வகுப்புவரை உக்ரைன் மொழியிலேயே படித்து முடித்தார்கள். மோத்ரியாவுக்கு வீடு கிடைக்க இன்னும் ஏழு வருஷம் ஆனது.

வகுப்பு தொடங்கிய மறுவருஷம், 1980 ஏப்ரலில், சேர்க்க அவளுக்கு வேறு பிள்ளை இல்லை. ஆனாலும் புதுத் தாள்களோடு கிளம்பினாள். அந்த முறை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். "ரெண்டு பேரா நின்னா கதவைச் சாத்தக் கொஞ்சம் யோசிப்பாங்க, வாடி" என்றாள்.