சீட்டுக்குக் கீழே அடுப்பு

வண்டி திருத்துகிற மற்றவர்கள் ஓடாத வண்டியை ஓட வைத்துப் பிழைக்கிறார்கள். நானும் என் மச்சான் ரூபனும் நன்றாக ஓடுகிற வண்டிக்குள் மனிதர் வேகாமல் இருக்க வழி செய்து பிழைக்கிறோம்.

கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸ் ரயில் பாதைக்குப் பக்கத்தில் எங்கள் கராஜ். தெருவில் ஓடுகிற கார்கள் இங்கே குறைவு. சேற்றிலும் புல்லிலும் ஓடுகிற, பின்னால் சாமான் பெட்டி வைத்த சின்ன வேலை வண்டிகள்தான் வரும். இவற்றில் இஞ்சின் முன்னால் இல்லை. உங்கள் முதுகுக்குப் பின்னால், பாதி சீட்டுக்குக் கீழே இருக்கும். கோடையில் லண்டன் பஸ்ஸின் மேல்தட்டில், திறக்காத ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போயிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் எங்கள் ஆள்தான், மேலே விளக்கத் தேவையில்லை. தகடு அடித்து, வெப்பம் தடுக்கும் பாய் ஒட்டி, ஓட்டைகளை ரப்பரால் அடைத்துச் சூட்டைக் குறைப்பது எங்கள் வேலை. அது சுலபம். வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டு மயங்கி விழாமல் நிற்பதுதான் கஷ்டம்.

மஞ்சள் ஜாக்கெட்

தவம் அண்ணை கோல்ஃப் மைதானமொன்றில் புல் வெட்டுகிறவர். "முதுகுப் பக்கம் கொஞ்சம் சூடு தம்பி" என்று சொல்லிக்கொண்டே வண்டியை ட்ரெய்லரிலிருந்து இறக்கினார். அவர் திரும்பியபோதுதான் கண்டேன். போட்டிருந்த மஞ்சள் ஜாக்கெட்டின் பின் ஓரம் உருகி, மெழுகுதிரி வழிந்ததுபோல உறைந்து கிடந்தது.

சீட்டைக் கழற்றினோம். புகைக்குழாய்க்கும் சீட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய தகட்டைக் காணவில்லை. எப்போதோ கழன்று புல்லுக்குள் விழுந்திருக்க வேண்டும். ஜாக்கெட்டின் ஓரம் சீட்டின் பின் இடுக்கால் இறங்கி, கொதிக்கிற குழாயில் நேரே போய் ஒட்டியிருக்கிறது. "அண்ணை, உங்களுக்குச் சுடேல்லையா?" என்று கேட்டேன். அவர் ஜாக்கெட்டை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் குளிருக்கு முதுகுச் சூடு சும்மா கிடைக்குது எண்டு விட்டனான் தம்பி. எரிஞ்ச மணம் வந்தாப் பிறகுதான் கொஞ்சம் யோசிச்சனான்."

வைக்கோல்

ஜேன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி நகரத்தின் விளிம்பில் குதிரை லாயம் நடத்துகிறார். சீட் சுடுகிறது, ஒரு பாய் ஒட்டித் தந்தால் போதும் என்றார். சீட்டுக்குக் கீழே இருந்த மூடியைத் திறந்தேன். உள்ளே இஞ்சினைக் காணவில்லை. முழுக்க வைக்கோல். எலிகள் கொண்டுவந்து அடைத்துக் கூடு கட்டியிருந்தன. புகைக்குழாயைத் தொட்ட பக்கம் கரியாகிக் கிடந்தது. மூடியைத் திறந்ததும் காற்றுப் பட்டு, அந்தக் கரியிலிருந்து நூல்போலப் புகை எழுந்தது.

ரூபன் தீயணைக்கும் சிலிண்டரைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தான். நான் மண்வெட்டியால் வைக்கோலை வாரி முற்றத்தில் எறிந்தேன். அது விழுந்த இடத்திலேயே பற்றிக்கொண்டது. ரூபன் சிலிண்டரை அடித்து அதை அணைத்தான். இந்த வண்டியைத்தான் அவர் தினமும் வைக்கோல் கொட்டிலுக்குள், குதிரைகளுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறாராம். ஜேன் வாயில் கைவைத்து நின்றார். அந்த அம்மாவுக்கு இப்போதுதான் உறைத்திருக்கிறது என்று நினைத்தேன். மெல்ல ஆங்கிலத்தில் கேட்டார்: "ஐயோ, உள்ளே எலிக்குட்டிகள் இருந்தனவா?"

மத்தியானச் சாப்பாடு

கலா அக்காவுக்குப் பூங்காவில் வேலை. அவருடைய மனேஜர்தான் வண்டியைக் கொடுத்து அனுப்பியிருந்தார். பின் மூடியைத் திறந்த ரூபன் "அத்தான், இஞ்ச வாங்கோ" என்று கூப்பிட்டான். புகைக்குழாயோடு சேர்த்துக் கம்பியால் இறுக்கிக் கட்டிய ஒரு தகரப் பெட்டி. உள்ளே புட்டும் மீன் குழம்பும், ஆவி பறக்க.

அந்தப் பெட்டி கழன்று ஓடுகிற பெல்ட்டுக்குள் விழுந்தால் என்ன நடக்கும், எண்ணெய் ஒழுகி நெருப்புப் பிடித்தால் என்ன நடக்கும் என்றெல்லாம் நான் பதறிப் பதறி விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அக்கா சொன்னார்: "சூட்டைக் குறைக்கச் சொன்னது மனேஜர். ஆறின புட்டுச் சாப்பிடப்போறது நான்."

நித்திரை

கார்த்திக், நித்யா தம்பதி சென்னைக்காரர்கள். கணினி வேலை. நண்பரின் பண்ணையில் வார இறுதியில் சேற்றில் ஓட்டுவதற்கென்றே நாலு பேர் உட்காரும் வண்டி ஒன்று வாங்கியிருந்தார்கள். மழைக்காக முன்னால் முழுக் கண்ணாடியும் பக்கக் கதவுகளும் கார்த்திக்கே பொருத்தியிருந்தார். பின்பக்கம் திறந்தபடி. "உள்ள ரொம்ப சூடா இருக்கு சார். சின்னதா ஏ.சி. வெக்க முடியுமா?" என்று கேட்டார். வண்டியில் போனால் இரண்டு பேருக்கும் தலை வலிக்குமாம், நித்யா ஒருமுறை வாந்தியும் எடுத்தாராம். எல்லாம் சூட்டினால் என்று அவர்கள் நினைப்பு.

தலைவலி என்றதும் எனக்கு வேறு எண்ணம் வந்தது. எங்கள் அலுவலக அறையில், கொதிகலனுக்குப் பக்கத்தில் நச்சுப்புகை அலாரம் ஒன்று மாட்டியிருக்கிறோம். லண்டனில் அநேகமான வீடுகளில் இருக்குமே, அதுதான். அதைக் கழற்றிப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓட்டினேன். அதில் எண் ஏறத் தொடங்கியது. இன்னும் ஒரு சுற்று வருவதற்குள் அலறத் தொடங்கிவிட்டது. இஞ்சினை நிறுத்திவிட்டுக் குதித்து இறங்கினேன். புகைக்குழாய்ப் பொருத்து எரிந்து வாய் பிளந்திருந்தது. முன் கண்ணாடி எதிர்க்காற்றை மறித்ததால், பின்னாலிருந்து காற்று சுழன்று உள்ளே வந்திருக்கிறது. வரும்போது அந்தப் புகையையும் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. அவர்கள் சூடு என்று சொன்னது பாதி இதுதான். இது கார்பன் மோனாக்சைடு, மணமில்லாத விஷம் என்று நான் சொல்லச் சொல்ல, கார்த்திக் கதவுகளையெல்லாம் அகலத் திறந்துவிட்டார்.

அவர்களுடைய மகள், நடக்கத் தொடங்கிக் கொஞ்சக் காலமான பிள்ளை, முற்றத்தில் ரூபனுடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓடித் திரிந்தாள். நித்யா போய் அவளைத் தூக்கினார். பிள்ளை திமிறியும் விடவில்லை. அன்றே மூன்று பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஒன்றுமில்லை என்று மாலையில் போன் வரும்வரை எனக்கும் ரூபனுக்கும் வேலை ஓடவில்லை. பொருத்தை மாற்றி, பின்பக்கத்தையும் சரியாக அடைத்து, வண்டிக்குள் ஒரு அலாரமும் மாட்டிக் கொடுத்தோம். ஆனாலும் அன்று பிள்ளையை இறுக்கிக்கொண்டு நித்யா சொன்னது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை: "வீட்ல தூங்கவே மாட்டா அண்ணா. இந்த வண்டியில பின் சீட்ல ஏத்தினா உடனே தூங்கிடுவா. அதுக்காகவே இன்னொரு ரவுண்டு போவோம்."

இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: "சூடு தாங்க ஏலாது" என்று கத்துகிறவர் கொஞ்சம் பொறுக்கலாம், "பழகிப்போச்சு" என்கிறவரைத்தான் முதலில் கையைப் பிடித்து இறக்க வேண்டும்.