வலை ஊஞ்சலில் ஒரு பகல்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்து மேம்பாலப் படியில் வழுக்கி விழுந்து இடது காலை முறித்துக்கொண்டேன். தொடை வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார் டாக்டர்.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எட்டு மணிக்குக் கிளம்பினால் நாலரைக்குத்தான் வருவாள். யாராவது தட்டினால் நான் உடனே போய்த் திறக்க முடியாது என்பதால் வெளியே பூட்டிக்கொண்டு போவாள். பூட்டு விழும் சத்தம் கேட்டதும் எனக்கு மூச்சு முட்டும். அதை அவளிடம் சொன்னதில்லை.

மூன்றாவது வாரம் கட்டில் வெறுத்துப்போயிற்று. கல்யாணமான புதிதில் மாமல்லபுரத்தில் வாங்கிய வலை ஊஞ்சல் பரணில் கிடந்தது. அதன் கயிறு இற்றுப்போயிருந்ததால் நைலான் கயிறு வாங்கிவரச் சொன்னேன். அவள் கொண்டுவந்தது மெல்லிசு. எண்ணெய் தடவியது போல வழவழவென்று இருந்தது.

"இது தாங்குமா?" என்றாள்.

"தாங்கும்."

பின்பக்கத்து கிரில் வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு பக்கமும் கட்டினேன். கயிற்றைக் கம்பியைச் சுற்றித் திருப்பிக் கொண்டுவந்து, அதன் மேலேயே மூன்று சுற்று சுற்றி முடிந்தேன். முடிச்சைத் தள்ளினால் ஊஞ்சல் ஏறும், இறங்கும். ஆள் படுத்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். தேங்காய் நார்க் கயிறு அப்படித்தான் பிடிக்கும். நைலானும் பிடிக்கும் என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் அவள் போனபின் ஏறிப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் எதிரே கிரில்லின் கம்பிகள் மேலே போவது போலிருந்தது. முடிச்சு நழுவி, நான்தான் இறங்கிக்கொண்டிருந்தேன். எழுந்துவிடலாம் என்று உடம்பை உதறியதும் தலைப்பக்க முடிச்சு சர்ரென்று ஓடி, கயிற்றின் நுனியில் போய் நின்றது. பின்தலை தரையில் இடித்தது. கால் பக்கம் இறங்கவில்லை. மாவுக்கட்டின் குதிகால் வலைக்கண்ணில் மாட்டிக்கொண்டது. தலை தரையிலும் கால் மேலேயுமாகக் கிடந்தேன். நடக்க ஊன்றும் அக்குள் கட்டை சரிந்து எட்டாத இடத்துக்குப் போய்விட்டது.

கயிற்றைப் பிடித்து எழப் பார்த்தேன். நழுவி, உள்ளங்கையை அறுத்தது. ஹாலில் போன் அடித்து ஓய்ந்தது. நேரம் ஆக ஆக முகம் கனத்தது. ஒன்றுக்கு வேறு முட்டியது.

மத்தியானம் பக்கத்து வீட்டு பாய் தன் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். மளிகைக் கடைக்காரர். சுவருக்கு அப்பால் கை கழுவும் சத்தம் கேட்டது. "பாய்" என்று கூப்பிட்டேன்.

"இன்னா சார், கூப்ட்டியா?"

லுங்கி இடுப்புக்கு மேல் சுருண்டிருந்தது. இந்தக் கோலத்தில் அவர் எட்டிப் பார்ப்பதை நினைத்துப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்ல பாய். மழை வருமான்னு கேட்டேன்."

"வர்ற மாதிரிதான் கீது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் கதவைச் சாத்திய பிறகு அழுதேன். அடக்கிவைத்திருந்ததும் அப்போதுதான் போய்விட்டது.

தோளில் துண்டு இருந்தது. அதைப் பிரியாக முறுக்கி, தலைப்பக்கத்திலிருந்து கிரில்லுக்கு ஏறிய கயிற்றில் மூன்று சுற்று சுற்றி முடிந்து இழுத்தேன். வழுக்கியது. நாலு சுற்றும் மெதுவாக வழுக்கியது. ஐந்து சுற்றை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுக்கிச் சுற்றியபோது பிடித்தது. தொங்கி எழுவேன், ஒரு கையால் வலையைப் பிடித்துக்கொண்டு துண்டு முடிச்சை ஒரு சாண் மேலே தள்ளுவேன், மறுபடி தொங்குவேன். எத்தனை முறை என்று தெரியாது. உட்கார முடிந்ததும் குதிகாலை வலையிலிருந்து விடுவித்தேன்.

அவள் வந்தபோது ஈர லுங்கியோடு சுவரில் சாய்ந்திருந்தேன். ஒன்றும் கேட்காமல் முதலில் துடைத்துவிட்டாள். பிறகுதான் நடந்ததைச் சொன்னேன்.

"பாய் மத்தியானம் வந்திருப்பாரே. கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிட்டேன். அப்புறம் ஒண்ணுமில்லன்னுட்டேன்."

ஈர லுங்கியை வாளியில் போட்டாள். "நீங்க யாரையும் கூப்பிட மாட்டீங்கன்னு தெரியும். அதான் தினம் பயந்துகிட்டே போறேன். மூணாவது பீரியட் வரைக்கும் எனக்குப் பாடமே ஓடாது."

மறுநாள் என்னைக் கேட்காமலே இன்னொரு சாவியை பாய் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாள். மத்தியானம் அவர் வந்து கட்டிலருகே உட்கார்ந்து, கடைக்கு வந்தவர்களைப் பற்றிப் பேசினார். முந்தின நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் சொல்லியிருப்பாளோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரத்தில் எழுந்து, வெளியே பூட்டிக்கொண்டு போனார். மிச்ச நாட்களும் அப்படியே கழிந்தன.