கையெழுத்துப் போட்ட பேட்டரி

என் ஓரகத்தி மகள் லூயென் யாரையும் நம்பமாட்டாள். குருணைச் சோற்றுக் கடையில்கூடக் கறித்துண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். சைகோனில் பைக்கில் ஆளேற்றிப் பிழைக்கிறாள். சவாரி எல்லாம் போன் வழியாகத்தான் வரும். அந்தப் போன் மதியத்துக்குள்ளேயே செத்துப்போக ஆரம்பித்தது. நல்ல சவாரி கிடைப்பது அந்தியில்தான். அது போனால் வீட்டில் உலை ஏறாது.

கம்பெனி பேட்டரி விலைக்கு வண்டிக்கு இரண்டு டயரும் மாற்றிவிடலாம். மலிவு பேட்டரி கியெட் கடையில் கிடைக்கும். கியெட் வேறு யாருமில்லை, லூயெனின் தாய்மாமன் மனைவிக்கு அண்ணன் மகன். அவன் அப்பன் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் மீன் சாற்றில் உப்புத் தண்ணீர் கலந்து எங்கள் சந்துக்கே விற்றவன். நாங்கள் யாரும் அதை மறக்கவில்லை. அதனால் துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

“அசல் மாதிரியே உழைக்கும் அக்கா,” என்றான் கியெட்.

“மாதிரியா? உங்கப்பா வித்ததும் மீன் சாறு மாதிரிதான்டா இருந்துச்சு. வீங்கி வெடிக்காதே?”

“வெடிக்கிற மாதிரி இருந்தா என் கடைக்கே கொண்டாந்து வெடிங்க.”

எங்கள் ஊரில் எதையும் ரிப்பேருக்கு விட்டால், உள்ளேயிருக்கும் சாமான்மேல் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வருவோம். நல்லதை உருவிக்கொண்டு மட்டமானதை மாட்டிவிட்டால்? கியெட் போனைத் திறந்ததும் லூயென் மார்க்கரைப் பிடுங்கி, சர்க்யூட் பலகை, கேமரா, திரையின் முதுகு என்று ஒன்றுவிடாமல் கையெழுத்துப் போட்டாள். சாயங்காலம் போய் வாங்கிவந்தாள்.

மறுநாளும் மதியத்திலேயே போன் அணைந்தது. திரும்பக் கடைக்குப் போனோம்.

“திறடா, என் கண்ணு முன்னாடி.”

திறந்தான். பேட்டரிமேல் அவள் கையெழுத்து நீலமாகக் கிடந்தது.

“பாத்தீங்களா பெரியம்மா! பழசையே வெச்சுட்டான். அப்பன் புத்தி!”

கியெட்டுக்கு முகம் வெளுத்துவிட்டது. “ரெண்டும் மேசையில கிடந்துச்சு அக்கா. கையெழுத்து இருந்தா திரும்ப உள்ள வைக்கணும்கிறதுதானே பழக்கம்? கை தானா இதை எடுத்து வெச்சிருச்சு. மாத்தப்போற பேட்டரி மேல எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?”

லூயென் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நான் போட்டா, உன் அறிவு எங்கடா போச்சு?”

மேசை இழுப்பறையிலிருந்து புதிய பேட்டரியை எடுத்தான். அவள் அதை மோந்து பார்த்தாள், அமுக்கிப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள். மூடி ஒட்டும்வரை முக்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

அந்திச் சவாரி திரும்ப வந்துவிட்டது. ஆனாலும் சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் போனின் முதுகைத் தடவி, வீங்குகிறதா என்று பார்த்துக்கொள்கிறாள். பார்க்கச் சொன்னதே நான்தான். அவன் அப்பன் விற்ற மீன் சாறும் முதல் புட்டி நன்றாகத்தான் இருந்தது.