பத்தியக் கயிறு

என் வீட்டு ஆணியில் ஒரு முழக் கயிறு தொங்குகிறது. தேங்காய் நாரில் திரித்தது, அடுப்புப் புகை ஏறிக் கறுத்தது. அதில் நாற்பத்தொரு முடிச்சு. எட்டாவது முடிச்சு மட்டும் மற்றவற்றைவிட இறுகிக் கல் மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்தே பார்த்தவன் நான். நாற்பத்தொன்று வரை எண்ணக் கற்றதே இந்தக் கயிற்றில்தான்.

கயிறு எங்கள் பெரிய சமையல்காரருடையது. தம்பானூருக்கு ரயில் வராத காலம். வலியசாலையில் ஐந்நூறு இலை விருந்து என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நான் அவரிடம் தேங்காய் துருவினேன். துருவியதில் பாதி உருளிக்குப் போகும், பாதி என் வாய்க்கு. அவரோ ஒரு பருக்கை தொடமாட்டார். அவருக்குக் கிராணி, தீராத வயிற்றுப்போக்கு. கிளம்பிவிட்டால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போவார், ரத்தமும் போகும். அப்போது அவருக்கு வறுத்த அரிசிக் கஞ்சி, வெண்ணெய் எடுத்த மோர், வெந்த வாழைக்காய், கொஞ்சம் மஞ்சள், சுக்கு. அவ்வளவுதான் உலகம். ரத்தமில்லாமல் விடிந்தால் கயிற்றில் ஒரு முடிச்சு. நாற்பத்தொன்று ஆனால் ஒரு கரண்டி சோறு. நடுவில் ரத்தம் கண்டால் எல்லாவற்றையும் அவிழ்த்து முதலிலிருந்து தொடங்குவார். அந்த வயிற்றோடு நெய் மணக்கும் அடுப்படியில் நின்று, வாசனையை வைத்தே உப்புச் சொல்லுவார். ஒரு பாத்திரம் அடிபிடித்ததில்லை. அவருக்கு இருந்த ஒரே கர்வம் அது.

அவர் மகள் கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது, கயிற்றில் முப்பத்து மூன்று முடிச்சு. பெண்ணின் அப்பா சம்பந்தியோடு முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிடாவிட்டால் அவமரியாதை. வியாதி என்று சொன்னாலோ, பெண்ணுக்கும் வரும் என்று பேசுவார்கள். எட்டே நாள்தானே என்று எனக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில், மனுஷன் எத்தனை நாள்தான் சப்பென்று குடிப்பார் என்று இரக்கப்பட்டு, உப்புமாங்காய் ஊறிய பரணிச் சாடித் தண்ணீர் ஒரு கரண்டியை அவர் கஞ்சியில் கலந்தேன். பாதி குடித்ததும் நிறுத்தினார்.

“இதுல என்னலே போட்ட?”

“ஒண்ணும் போடல அண்ணாச்சி.”

“உன் நாக்குக்கு உப்பு வேணும்னா என் வயித்துல ஏம்லே கொட்டுத?”

மறுநாள் காலையில் விறகுப்புரைக்குப் பின்னால் உட்கார்ந்து முப்பத்து மூன்று முடிச்சையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

ரத்தம் நிற்கப் பதின்மூன்று நாள் ஆனது. கல்யாணத்தன்று விடியும்போது ஏழு முடிச்சு. ஐந்நூறு பேருக்குச் சமைத்து முடித்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். எட்டுச் சின்னக் கிண்ணங்கள். “எனக்கு எலையில நீயே வெளம்பணும். கை மாறிச்சோ, கதை கழிஞ்சு.” பார்த்து நின்றுவிட்டேன். பருப்பு இருந்தது, கெட்டிக் கஞ்சியில் மஞ்சள். அவியல் இருந்தது, மோரில் புரட்டிய வாழைக்காய். வறுத்த அரிசிக் கஞ்சி பால்பாயசமாகி நின்றது. தனக்கு அனுமதியுள்ள நாலைந்து பொருளில் ஒரு முழு விருந்தைச் சமைத்திருந்தார். பந்தியில் உட்கார்ந்ததும் பப்படத்தை மட்டும் இலையில் நொறுக்கி ஒதுக்கிவிட்டார், சத்தம் கேட்டால் போதுமாம்.

எல்லாம் நன்றாகப் போனது, நாகர்கோவில் சம்பந்தி பக்கத்து இலையை எட்டிப் பார்க்கும் வரை.

“சம்பந்தி பாயசம் நெறமே வேறயால்லா இருக்கு. நமக்கு அது வரலையே?”

கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அண்ணாச்சி நிமிராமலே சொன்னார்: “எனக்குள்ளது அடிபிடிச்சது சம்பந்தி. தீய விட்டவன் தானே தின்னு தீக்கணும்.”

சம்பந்தி இடி மாதிரிச் சிரித்தார். பந்தி முழுக்கச் சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்து, அந்தக் கஞ்சியை வழித்துக் குடித்தார். வாழ்நாளில் அடிபிடிக்க விடாத மனுஷன், ஊர் கூடிய இடத்தில் அந்தக் கர்வத்தை இலையோடு மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலையில் விறகுப்புரைப் பக்கம் போகவே எனக்குப் பயமாக இருந்தது. போனேன். எட்டாவது முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்று முடிந்ததும் அவர் தூக்கிப் போட்ட கயிற்றை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

போன மாதம் வைத்தியர் எனக்கு இனிப்பு கூடாது என்றார். வீராப்பாக ஒரு புதுக் கயிறு வாங்கிப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். காலையில் ஒரு முடிச்சு, மத்தியானம் தம்பானூர் ஓட்டலில் ஜிலேபி, சாயங்காலம் முடிச்சு அவிழ்ந்தது. இன்று வரை அது வெறுங்கயிறுதான். நேற்று அவருடைய எட்டாவது முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். நகம்தான் உடைந்தது.