திரௌபதி முந்தானையில் உப்பு

திரௌபதியின் முந்தானை நுனியில் எப்போதும் ஒரு முடிச்சு இருக்கும். உள்ளே கல்லுப்பு. கல்யாணமாகி லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. புடவை மாறும், முடிச்சு மாறாது. திறந்து கிடக்கும் எதைப் பார்த்தாலும் அவள் கை தானாக அங்கே போய்விடும். அறுத்துவைத்த மீன், கீறிவைத்த மாங்காய், ஆறவைத்த குழம்பு, எதுவானாலும் நாலு கல் தூவிவிட்டுத்தான் நகருவாள். அக்காவின் பின்னாலேயே குப்பத்துக்கு வந்துவிட்ட தம்பி பிரபாகரனின் முழங்கால் காயத்தில் ஒருமுறை தூவப்போய், அவன் போட்ட கூச்சல் கடைசித் தெருவரைக்கும் கேட்டது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைப் பாயசத்தில் போட்டு மாட்டிக்கொண்ட கதையும் உண்டு.

அது பயமா, பாசமா, வெறும் பழக்கமா என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. கருவாடு போடுகிறவள். எதையும் அழுகவிடக் கூடாது என்பதுதான் அவள் கற்ற ஒரே பாடம். அந்தப் பாடமே ஒருநாள் எதிரே வந்து நிற்கும் என்று அவள் நினைத்தாளா என்ன?

பிரபாகரன் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன். தோள்பட்டை விலகியபின் அவனால் வலை இழுக்க முடியவில்லை. குப்பத்துக்குப் பின்னால் சவுக்குத்தோப்பு ஓரமாகக் கோழி ஷெட் போட்டான். ஆயிரம் பிராய்லர் கோழி. கோழி வளர்ந்தது, ஷெட்டுக்குப் பின்னால் எருக்குவியலும் வளர்ந்தது. அதில் பெருகிய ஈ நேராகக் கருவாட்டுக் களத்துக்கு வந்து உட்கார்ந்தது. ஈ உட்கார்ந்த மீனில் புழு வைத்தது. சித்திரையில் ஜமுனாவின் ஒரு கூடை நெத்திலி அப்படியே புழுத்துப்போனது.

ஜமுனா திரௌபதியின் எதிர்வீட்டுக்காரி. களத்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். வாய்ச்சண்டை இல்லாத நாள் கிடையாது. அன்று அவள் திரௌபதியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. புழுத்த கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நேராகக் கிராமக் கூட்டத்துக்குப் போய், தலைவர் பொன்னுரங்கத்தின் முன்னால் இறக்கினாள்.

“இதை இன்னா பண்றது தலைவரே? இவ தம்பி கோழி வளக்கறானா, ஈ வளக்கறானா?”

பிரபாகரன் தலைகுனிந்துகொண்டான். ஷெட்டை எடுத்துவிட்டால் அந்தத் தோளை வைத்துக்கொண்டு காட்டுப்பள்ளித் துறைமுகப் பக்கம் கான்ட்ராக்ட் வேலைக்குத்தான் அலைய வேண்டும். திரௌபதி எழுந்து நின்றாள்.

“அந்தக் கூடைக்கு நான் பொறுப்பு. கூடைக்குக் கூடை, என் கையால போட்ட நெத்திலி குடுத்துடறேன். ஷெட்டுக்கு மட்டும் கொஞ்சம் டைம் குடுங்க.”

பொன்னுரங்கம் கூடையையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். “ஆடி மாசம் கூழ் ஊத்துற வரைக்கும் டைம். அதுக்குள்ள ஈ போவணும். இல்லன்னா ஷெட் போவணும்.”

மகளிர் குழுவுக்குக் காளான் வளர்க்கச் சொல்லிக்கொடுக்கப் பொன்னேரியிலிருந்து வினோதினி என்ற பெண் வந்துபோய்க்கொண்டிருந்தாள். திரௌபதி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

“வழி இருக்குக்கா,” என்றாள் வினோதினி. “எருவையும் தென்னை நார்த்தூளையும் அடுக்கு அடுக்கா போட்டு, நடுவுல சிப்பிக் காளான் வித்து தூவணும். நிழல்ல, ஈரம் காயாம வெச்சா பூஞ்சை பிடிச்சு எல்லாத்தையும் மக்க வெச்சிடும். நாத்தமும் போகும், ஈயும் போகும்.”

“பூஞ்சையா?” திரௌபதி பின்னால் நகர்ந்தாள். “அது கருவாட்டுல வராம இருக்கத்தானேம்மா நாங்க உயிரை வுடறோம்?”

“இங்க அதை வா வான்னு கூப்பிடணும்க்கா.”

அக்காவும் தம்பியும் சேர்ந்து ஷெட் பக்கத்தில் கீற்றுக்கொட்டகை போட்டார்கள். எருவும் நார்த்தூளும் இடுப்பு உயரம் வந்தன. வித்து தூவியாயிற்று, தண்ணீர் தெளித்தாயிற்று. ஐந்தாம் நாள் குவியலின் ஓரத்தில் புழு நெளிந்தது. இரண்டே நாளில் ஒன்றும் காணோம். பிரபாகரனுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் இருபது நாள் ஆகியும், வரும் என்று சொன்ன வெள்ளை நூல் மட்டும் வரவில்லை. குவியல் செத்தது போலக் கிடந்தது.

வினோதினி போனில் துருவித் துருவிக் கேட்டாள். நிழல் இருக்கிறதா? ஈரம் இருக்கிறதா? வித்து பழசா? நடுவில் வேறு ஏதாவது போட்டீர்களா? திரௌபதி எல்லாவற்றுக்கும் உண்மையைத்தான் சொன்னாள். வேறு எதுவும் போடவில்லை என்றதும் அவளைப் பொறுத்தவரை உண்மையே. ‘நான் மூச்சு விட்டேன்’ என்று யாராவது கணக்கில் சேர்த்துச் சொல்வார்களா?

மறுநாள் ஜமுனா வந்தாள். ஷெட் எப்போது போகிறது என்று கேட்டுவிட்டுப் போகத்தான் வந்தாள்.

“வெள்ளைப்பூ பூக்கும்னியே, எங்கமே?”

“பூக்கும், பூக்கும். உனக்கு இன்னா அவசரம்?” என்று சொல்லிக்கொண்டே திரௌபதியின் கை முந்தானைக்குப் போய், முடிச்சை நெகிழ்த்தி, குவியல்மேல் விசிறிவிட்டுத் திரும்பி வந்தது.

ஜமுனா அந்தக் கையையே பார்த்தாள். “இப்போ இன்னா போட்டே?”

“எங்க?”

“இங்கதான். உன் கை போச்சே.”

திரௌபதி தன் கையை அப்போதுதான் முதல்முறை பார்ப்பவள் போலப் பார்த்தாள். விரலில் இன்னும் இரண்டு கல் ஒட்டியிருந்தது.

ஜமுனா அப்படியே மணலில் குந்தி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “ஏமே, எருவுல கருவாடு போடறியா? மக்கணும்னு ஒரு கையில வித்து தூவறே, மக்கக் கூடாதுன்னு இன்னொரு கையில உப்பு தூவறே. அந்தக் காளான் எந்தக் கை பேச்சைக் கேக்கும்?”

“தெனம் நாலு கல்லுதானே,” என்ற திரௌபதியின் குரல் இறங்கிப்போனது. “புழு வந்த அன்னிக்கு மட்டும்…”

“அன்னிக்கு?”

“களத்து உப்பு. அரை மூட்டை.”

கோழிக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்த பிரபாகரன் வெளியே வந்தான். “அக்கா, நீ என் ஷெட்டைக் காப்பாத்தறியா, ஊறுகா போடறியா?”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஊருக்கு முன்னால் தம்பிக்காக எழுந்து நின்றவளும் அவள்தான், அவன் பிழைப்பில் அரை மூட்டை உப்பைக் கொட்டியவளும் அவள்தான். கெடாமல் பார்த்தே பழகிய கையை எப்படித் தடுப்பது?

அதற்கு ஜமுனாதான் வழி செய்தாள். எழுந்து வந்து, கேட்காமலே திரௌபதியின் முந்தானையைப் பிடித்து முடிச்சை அவிழ்த்தாள். உப்பைத் தன் புடவையில் கொட்டிக்கொண்டு, தன் இடுப்புப் பையிலிருந்து ஒரு பிடி பொட்டுக்கடலையை எடுத்து அதே இடத்தில் கட்டினாள்.

“கை வந்தா வெறுங்கையா திரும்பக் கூடாது பாரு. கூழ் ஊத்துற வரைக்கும் இதைத் தின்னு.”

“உனக்கு இன்னா வந்துச்சு? ஷெட் போவணும்னு நீதானே கேட்டே?”

“ஷெட்டு போனா மட்டும் இந்த எருவு நடந்தா போவும்? இங்கயேதான் கெடக்கும். எனக்கு ஈ போவணும், அவ்ளோதான்.” குழுவின் காளான் கொட்டகையைப் பார்த்துக்கொள்பவள் ஜமுனா. அறுவடை முடிந்து கழித்துப்போட்ட காளான் படுக்கைகளை அன்று சாயங்காலமே தூக்கிவந்தாள். வைக்கோல் முழுக்க வெள்ளை வெள்ளையாக நூல் ஓடியிருந்தது.

உப்புக் குவியலைத் தென்னை மரங்களுக்குத் தள்ளிவிட்டார்கள். தென்னை ஒன்றுதான் அவ்வளவு உப்பைத் தாங்கும். புது எருவில் புதுக் குவியல் எழுந்தது. படுக்கைகளைப் பிய்த்து நடுநடுவே வைத்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலை, நார்த்தூளை லேசாக விலக்கிப் பார்த்த திரௌபதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே வெண்ணிறமாய்ப் பூஞ்சை படர்ந்திருந்தது. இப்படி ஒரு பூப்பைக் கருவாட்டில் பார்த்திருந்தால் ஒப்பாரி வைத்திருப்பாள். கை முந்தானைக்குப் போனது. வாயில் பொட்டுக்கடலை விழுந்தது. மென்றுகொண்டே தம்பியைக் கூப்பிட்டாள். “டேய், கெட்டுப்போச்சுடா. நல்லா கெட்டுப்போச்சு.” அவள் முகத்தைப் பார்த்துத்தான் அது நல்ல சேதி என்று அவனுக்குப் புரிந்தது.

அதன்பின் வாரம் ஒருமுறை கிளறிவிட்டார்கள். தொட்டால் சூடு தெரிந்தது. மூக்கைத் துளைத்த நாற்றம் மெல்ல இறங்கியது. களத்தில் ஈ குறைந்தது. ஜமுனாவின் நெத்திலி சுத்தமாகக் காய்ந்தது. பொட்டுக்கடலை தின்று திரௌபதிதான் கொஞ்சம் பருத்துவிட்டாள்.

ஆடியில் கூழ் ஊற்றிய அன்று பொன்னுரங்கம் ஊரோடு வந்தார். குவியலின் பக்கவாட்டில் நாலைந்து சிப்பிக் காளான் காது விரித்து நின்றது. ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். “கோழி நாத்தம் எங்கமே? மழை பேஞ்ச மண்ணு மாதிரி கீது.”

ஷெட் தப்பியது. இப்போது உட்புறக் கிராமங்களின் நெல்விவசாயிகள் மினி லாரியோடு வந்து எருவுக்குக் காத்து நிற்கிறார்கள். திரௌபதியின் முந்தானைக்கு உப்பு திரும்பிவிட்டது. ஆனால் ஷெட் வாசலில் ஒரு ஆணி இருக்கிறது. அதில் முந்தானை உப்பைப் பொட்டலமாகக் கட்டி மாட்டிவிட்டுத்தான் அவளுக்கு உள்ளே அனுமதி. ஆணியை அடித்தவன் தம்பி.

ஊருக்கு முன்னால் சொன்ன சொல்லையும் அவள் மறக்கவில்லை. ஒரே அளவாய்ப் பொறுக்கிக் காயவைத்த நெத்திலியைக் கூடை நிறைய எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். ஜமுனா ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

“நல்லாதான் கீது. எடுத்துக்கினு போ.”

“ஏன்?”

“இதை வாங்கிக்கினா நாளைலேர்ந்து நீ என்னை எதுத்துப் பேசுவே. கடன் இருக்கட்டும்.”

அதற்குப்பின் ஒவ்வொரு பருவத்திலும் திரௌபதி கூடையோடு போகிறாள். ஒருமுறை வீட்டில் இடமில்லை என்று பதில். ஒருமுறை நாள் சரியில்லை என்று. போன தை மாதம் ஜமுனா ஒன்றைக் கடித்து, வெகுநேரம் மென்று, முகத்தைச் சுளித்துத் திருப்பி அனுப்பினாள்.

“உப்பு பத்தல.”

அந்த ஒரு கூடை நெத்திலி இன்னும் கொடுபடவில்லை.