பாடு என்றால் பாட்டு இல்லை

மந்திரம் போடுவது சுலபம், அதைப் போனில் ஏற்றிக் கொடுப்பதுதான் கஷ்டம் என்பதை, இந்த வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன!

மாட்டிக்கொள்ளாத பாக்கியசாலிகளுக்காக ஒரு சின்ன விளக்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கும்மிடிப்பூண்டியில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் நாங்கள் ஐந்து பேர் கூடுவோம். ஜான்சன் அண்ணன் கதை சொல்வார். மற்ற நாலு பேரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி, பூதங்களோடு மல்லுக்கட்டுவோம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் போனில் ஒரு கேரக்டர் ஷீட் உண்டு. உடம்பில் எவ்வளவு தெம்பு, கையில் என்ன ஆயுதம், என்னென்ன மந்திரம் தெரியும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ரெடிமேடு மந்திரங்கள் ஏராளம். ஆனால் எங்கள் ஆட்களுக்குச் சொந்த மந்திரம்தான் வேண்டும். பெயர், தூரம், நேரம், ‘குரல் தேவை’, ‘கை அசைவு தேவை’ என்று கட்டம் கட்டமாக நிரப்பும் வேலை என் தலையில் விழுந்தது. தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நாள் முழுக்கக் கட்டம் நிரப்புகிறவளுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று தள்ளிவிட்டார்கள்.

எங்கள் மேஜையில் ஒரு வழக்கம் உண்டு. ‘குரல் தேவை’ என்று டிக் இருந்தால் ஆடுகிறவர் நிஜமாகவே வாயைத் திறந்து மந்திரம் சொல்ல வேண்டும். ‘கை அசைவு தேவை’ என்றால் எல்லார் முன்னாலும் கையை அசைத்துக் காட்ட வேண்டும். கூச்சப்பட்டால் மந்திரம் பலிக்காது.

தூரம்

ஆரம்பாக்கத்திலிருந்து வருகிற பாபு கிரேன் ஆபரேட்டர். அவன் கேட்டது ஒரு தீப்பந்து. பதினைந்து மீட்டர் தூரம் போய் வெடிக்க வேண்டும், அவ்வளவுதான். நானும் தூரக் கட்டத்தில் 15000 என்று அடித்துவிட்டு நிம்மதியாக டீ குடித்தேன். கம்பெனி டிராயிங்கில் எல்லாமே மில்லிமீட்டர். வெர்னியர் அளவுகோல் பிடித்த கை வேறு எப்படி அடிக்கும்? அந்த ஷீட்டுக்கோ மீட்டர் மட்டும்தான் தெரியும்.

சண்டை வந்தது. பாபு பந்தை எறிந்தான். ஜான்சன் அண்ணன் போனைப் பார்த்தார், கதையின் வரைபடத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் போனைப் பார்த்தார். பூதம் இருந்த குகை, அதற்குப் பின்னால் இருந்த காடு, அதற்கும் அப்பால் நாங்கள் காப்பாற்ற வந்த ஊர் எல்லாவற்றையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது பந்து. பாபு தலையில் கை வைத்துக்கொண்டான்.

“இன்னா நைனா இது, ஒரு பூதத்த கொளுத்தக் கேட்டா அக்கா பொன்னேரி வரிக்கும் கொளுத்திட்டாங்க!”

நேரம்

ஜான்சன் அண்ணனுக்கு வள்ளூர் பக்கம் மின்நிலையத்தில் கண்ட்ரோல் ரூம் வேலை. கதையில் வருகிற ஒரு காவல்காரனுக்கு அவரே ஒரு விளக்கு மந்திரம் கேட்டார். “எவ்வளவு நேரம் எரியணும்ணே?” என்றேன். “ஷிஃப்ட் முடியற வரிக்கும்” என்றார். நேரக் கட்டம் நம்பரைத் தவிர எதையும் வாங்காது. எட்டு மணி நேரம் என்று போடட்டுமா என்றேன். அவருக்கு வந்ததே கோபம்! “ரிலீவர் வரலன்னா? எட்டு மணி ஆச்சுன்னு எந்திரிச்சுப் போயிடுவானா?” என்றார்.

கடைசியில் நேரக் கட்டத்தைக் காலியாக விட்டு, விளக்கக் கட்டத்தில் எழுதினேன்: அடுத்த ஆள் வந்து விளக்கைத் தொட்டு ஏற்றுக்கொள்ளும்வரை அணையாது. எழுதிவிட்டு நானே கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனிலிருந்த ரெடிமேடு வெளிச்ச மந்திரங்களை எல்லாம் தேடிப் பார்த்தேன். எல்லாம் மணிக்கணக்குதான். இன்னொரு ஆள் வரவேண்டும் என்பது எந்த மந்திரவாதிக்கும் தோன்றவில்லை. வீட்டில் சுவிட்சைத் தட்டுகிறபோதெல்லாம் அந்தப் பக்கம் ரிலீவருக்காகக் காத்திருக்கிற யாரோ ஒருவர் இப்போது என் நினைவுக்கு வருகிறார். இதை அண்ணனிடம் சொன்னேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்:

“இதுல இன்னா மந்திரம் கீது, டெய்லி நான் அப்டித்தான் குந்திகினு கீறேன்.”

குரல்

தேவகிக்குப் பழவேற்காடு. வீட்டில் மீன்பிடித் தொழில், இவள் மட்டும் கம்பெனியில் பேக்கிங். அவள் கேட்ட மந்திரத்தின் பெயர் ‘பாடு’. சரி, பாட்டுப் பாடி பூதத்தைத் தூங்கவைப்பாள் போலிருக்கிறது என்று நினைத்து, நானே பெரிய மனதோடு ‘குரல் தேவை’யில் டிக் போட்டுவிட்டேன். விளக்கக் கட்டத்தை நிரப்ப என்ன ராகம் என்று கேட்டபோதுதான் அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஏரியில் நினைத்த இடத்தில் நினைத்த நாளில் வலை போட முடியாதாம். எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. அவள் வீட்டில் பாடு அப்பா பேரிலும் அண்ணன் பேரிலும் வருமே தவிர இவள் பேரில் வந்ததே இல்லை. அதனால் கதையிலாவது தனக்கென்று ஒரு பாடு வேண்டும், அதை இஷ்டப்பட்டவருக்குக் கொடுக்கவும் முடிய வேண்டும் என்றாள். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் தன் முறையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பது! ரெடிமேடு மந்திரங்களில் எரிப்பதும் உறையவைப்பதும் இருந்ததே ஒழிய இப்படி ஒன்று இல்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தச் சிலிர்ப்பில் டிக்கை எடுக்க மறந்தேன். “நிஜத்துல அப்படிக் கொடுக்கலாமா?” என்று கேட்டேன்.

“ஊர்ல ஒத்துக்க மாட்டாங்கக்கா, அதாங்காட்டியும் மந்திரமா கேக்கறேன்.”

கை

ஐந்தாவது ஆள் டேனியல் அண்ணன். எங்கள் கூட்டத்தின் மூத்த மந்திரவாதி. பிரஸ் மெஷினில் அவர் வலது கை மாட்டி இரண்டு விரல் போய்விட்டது. பல மாதம் வரவில்லை. ஸ்டோர்ஸில் வேலை தருகிறோம் வா என்று கம்பெனியில் கூப்பிட்டும் போகவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் அறைக்குள்ளேயே கிடக்கிறார் என்று அவர் மனைவி என்னிடம் அழுதார். ஒரு ஞாயிறு எப்படியோ கிளப்பி அனுப்பிவைத்தார். வந்தவர் வலது கையை பேண்ட் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே இல்லை.

கதையில் பாலம் உடைந்து, பாபுவின் வீரன் ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தான். அவனை இழுக்க டேனியல் அண்ணனின் காற்றுக் கயிறு மந்திரம் ஒன்றுதான் வழி. அதில் ‘கை அசைவு தேவை’ என்று டிக் இருந்தது. அண்ணன் என்னிடம் குனிந்து, “அந்த டிக்க எடுத்துடு ரேவதி. எல்லா மந்திரத்துலயும் எடுத்துடு. இல்லன்னா நான் கெளம்பறேன்” என்றார். எடுத்தால் அவருக்குக் கை இல்லை என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி. எடுக்காவிட்டால் அவர் எழுந்து அந்த அறைக்கே திரும்பிப் போய்விடுவார், மறுபடி வரமாட்டார். விரல் திரைக்கு மேலேயே நின்றது.

“இருங்கக்கா” என்றாள் தேவகி. “இப்போ என் முறை. என் பாட்ட அண்ணனுக்குக் குடுக்கறேன். மந்திரம் அவருது, கை என்னுது.” ஜான்சன் அண்ணன் ஷீட்டைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். “அதுல குரல் தேவைன்னு டிக் கீதேம்மா. நீ பாடணும்.” நான் தலையைக் குனிந்துகொண்டேன். தேவகி என்னை முறைத்தாள். பிறகு வேறு எதுவும் தோன்றாமல் ஏரியில் கிடைக்கிற மீன் பெயர்களையே ராகம் போட்டு இழுத்தாள். எறா, நண்டு, மடவை, கெளுத்தி... அப்படியொரு கர்ண கடூரத்தை நான் கேட்டதில்லை. பாபு மேஜைக்கடியில் போய்ச் சிரித்தான். பாடிக்கொண்டே கையை அவள் அசைத்ததோ, அடுப்புக்கு விசிறுகிற மாதிரி இருந்தது.

டேனியல் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. “அப்டி இல்லம்மா, மணிக்கட்ட சுத்தணும், இப்டி” என்று பாக்கெட்டிலிருந்து கையை எடுத்துக் காட்டினார். எடுத்தது அவருக்கே தெரியவில்லை. மூன்று விரலும் காற்றில் ஒரு வட்டம் போட்டு இழுத்தன. அங்கிருந்து ஒரு கயிறு போனதை நான் கண்ணால் பார்த்தேன் என்று இப்போதும் சத்தியம் செய்வேன். பாட்டு நின்றது. அண்ணன் தன் கையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பாக்கெட்டுக்குள் திரும்ப வைக்கவில்லை. அதே கையால் பகடையை எடுத்து உருட்டினார். பாபு கரையேறினான். “அண்ணே, அந்த டிக்...” என்று இழுத்தேன்.

“இருக்கட்டும் ரேவதி, எடுக்காத. மூணு வெரலுன்னாலும் கை கைதான்.”

வாரத்தில் ஆறு நாள் இம்மி பிசகினாலும் உருப்படியைத் திருப்பி அனுப்புகிற நான், ‘பாடு’ மந்திரத்தில் தப்பாகப் போட்ட அந்த ஒரு டிக்கை மட்டும் ஓகே என்று பாஸ் பண்ணி வைத்திருப்பதால், தேவகி வாயைத் திறந்தாலே இப்போதெல்லாம் பூதங்கள் தாமாகவே கிளம்பிவிடுகின்றன.