வட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோன தண்ணி

புரட்டாசிக் கடைசி. காலை ஆறு மணிக்கு வல்வெட்டித்துறையில் பஸ் ஏறினேன். கையில் வெறும் சாக்கு ஒன்று. மடியில் எங்கள் கிணற்றுத் தண்ணி ஒரு போத்தல்.

நான் கடல்தொழில். மண்ணெண்ணெய் விலை ஏறின பிறகு வள்ளம் கரையில் கிடக்கிற நாள்தான் கூடுதல். வீட்டுக்குப் பின்னால் மனைவியின் சீதனக் காணி ஒரு பரப்பு சும்மா கிடக்கிறது. வெங்காயம் வைப்போம் என்றாள். விதைக்குக் காசு இல்லை. வட்டுக்கோட்டையில் ரஞ்சினி என்கிற தோட்டக்காரி விதை கொடுப்பார், விளைந்தபின் அதே நிறையைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று மீன் வியாபாரி சொன்னார். போனில் கேட்டேன்.

"முதல் உங்கடை கிணத்துத் தண்ணியைக் கொண்டுவாங்கோ. பாத்துத்தான் சொல்லுவன்" என்றார்.

உடுப்பிட்டி தாண்டி வல்லைவெளி. புல்லைத் தவிர ஒன்றும் முளைக்காத உவர்த்தரை. அரை மணி ஓட்டத்தில் நீர்வேலி. சிவந்த மண், வாழைத்தோட்டம். எங்கள் காணி இதில் எந்தப் பக்கம் என்று யோசித்தேன்.

பக்கத்தில் இருந்தவர் போத்தலைப் பார்த்தார்.

"அண்ணை, ஒரு வாய் தாருங்கோவன்."

"குடிக்கிறதுக்கில்லை."

"அப்ப என்ன, கோயில் தீர்த்தமோ?"

"ஓம், கிட்டத்தட்ட."

யாழ்ப்பாணத்தில் பஸ் மாறி, ஒன்பது மணிக்கு வட்டுக்கோட்டை. சந்தியிலிருந்து ஒரு மைல் நடை.

ரஞ்சினிக்கு நாற்பது வயது இருக்கும். தனியாகத் தோட்டம் செய்கிறார். கொட்டிலுக்குள் விதை வெங்காயம் பிடிபிடியாகக் கட்டித் தொங்கியது.

போத்தலை வாங்கினார். முகர்ந்து பார்ப்பார் என்று நினைத்தேன். ஒரு மிடறு குடித்தார்.

"சவர்க்குது."

"எனக்குத் தெரியேல்லை, தங்கச்சி. உப்பிலையே கிடக்கிற ஆக்கள்."

"அரைப் பரப்புக்குத் தாறன். பதினைஞ்சு கிலோ. மாரி பெய்யக் கிணத்திலை உப்புக் குறையும். மழை விட்டாப் பிறகு நடுங்கோ. கோடையிலை உந்தத் தண்ணியை இறைச்சால் எல்லாம் கருகும்."

சாக்கை விரித்தேன். மூக்கைப் பொத்தினார்.

"உது கருவாட்டுச் சாக்கெல்லோ! வெங்காயத்தையும் உப்புப் போட்டுக் காயவைக்கப் போறியளோ?"

எங்கள் வீட்டில் வேறு சாக்கு இல்லை. சாக்கைச் சுருட்டினேன். அவரே தன் சாக்கில் போட்டுத் தந்தார். பிறகு பகிடியை விட்டுச் சொன்னார்.

"நடுகிற வரைக்கும் தொங்கட்டும். கறிக்கெண்டு கை வைச்சிடாதையுங்கோ. நீங்கள் திருப்பித் தாறதுதான் அடுத்த வரியம் என்ரை தோட்டத்துக்கு விதை."

"ஓம்" என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் சனம். "ஐயா, மூட்டையைக் கீழை வையுங்கோ" என்றார் கொண்டக்டர். வைக்கவில்லை. கீழே யாரோ மீன் கூடை வைத்திருந்தார். அதிலிருந்து உப்புத் தண்ணி ஓடியது.

கடலில் பிடித்ததை நாங்கள் கடலுக்குத் திருப்பிக் கொடுப்பதில்லை. பிடித்தால் சாப்பாடு. இல்லையென்றால் இல்லை. தோட்டக்காரர் சாப்பாட்டைத் தலைக்கு மேலே தொங்கவிட்டு, கீழே பசியோடு இருக்கவும் பழகியிருக்கிறார்கள். இதை நான் ஐம்பது வயதில் பழகவேண்டும்.

மூன்று மணிக்கு வீடு. கூரையில் வலை தொங்குகிற வளைமரத்தில் பிடிகளைக் கட்டினேன். மனைவி அடுப்படியிலிருந்து பார்த்தாள்.

"உதிலை ரெண்டு?"

"இல்லை."

அவள் அடுப்புக்குத் திரும்பினாள். அன்றைக்கு வெங்காயம் இல்லாமல்தான் சொதி.